கோடியக்கரைக்குப் போன சனிக்கிழமை

அண்ணே,

போன வாரம் தட்டாஞ்சாவடியில் நான் வண்டி சீட்டு தைக்கும் பட்டறைக்கு ஒரு பெண்மணி பழைய வேன் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். நடு சீட்டை இரவுப் பேருந்தில் இருப்பது போலப் படுக்கையாகச் சாய்க்க வருமா என்று கேட்டார். யாருக்கு என்றேன். "வூட்டுக்காரருக்கு. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். திரும்பி வரும்போது ஒக்காந்துகிட்டு வர முடியல அவரால" என்றார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினேன். அவர் கணவரின் உயரத்தைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் கை தானாக உங்கள் உயரத்துக்கு அளந்துகொண்டிருந்தது. பாதி அளந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன்.

அந்த மாதிரி சீட்டை என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு ஆள்தான் படுத்து வந்தார். இத்தனை வருடங்கள் கழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

நாம் முதலில் பார்த்துக்கொண்ட நாள் உங்களுக்கு நினைவிருந்ததோ என்னவோ, எனக்கு நன்றாக இருக்கிறது. நாற்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று சொல்லி என்னைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் படுக்க வைத்தார்கள். குழாயில் என் ரத்தம் வெளியே ஓடி, இயந்திரத்துக்குள் சுற்றுவதைப் பார்த்து எனக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல்: "பாய், அத்தப் பாக்காத. டிவியப் பாரு. சத்தம் வராது, ஆனா படம் நல்லா வரும்." திரும்பினால் நீங்கள். கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்த நெடிய மனிதர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் என்பதால் சாரம் பகுதியில் உங்கள் தெருவே உங்களை 'சொல்தா' என்றுதான் கூப்பிட்டது, பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தமாம். ஜிபூத்தி, சாட், கயானா என்று நீங்கள் இருந்த நாடுகளின் பெயரை நான் கேட்டதுகூட இல்லை. அப்போது உங்களுக்கும் எனக்கும் செவ்வாயும் வெள்ளியும் கோரிமேடு, மற்ற நாள் வீடு. உலகம் அவ்வளவுதான்.

உங்களுக்கு ஊசி இடது கையில். எனக்கு வலது கையில். அதனால் ஆளுக்கொரு கை மிச்சமிருந்தது. நான்கு மணி நேரமும் அந்த ஒரு கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவோம்.

பிரெஞ்சு நாட்டுக் குடிமகனாக இருந்துகொண்டு ஏன் இங்கே கிடக்கிறீர்கள், அங்கே எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்களே என்று ஒருநாள் கேட்டேன். மகன் பாரீசில் இருப்பதும், வா வா என்று அவன் கூப்பிடுவதும் எனக்குத் தெரியும். "ஒரு வருஷம் அங்கதான் பண்ணிக்கிட்டேன் பாய்," என்றீர்கள். "மெஷினு நல்ல மெஷினு. சிஸ்டருங்க தங்கமானவங்க. ஆனா பக்கத்து பெட்டுல ஒரு கெழவன், ஒரு வருஷமும் போன்ழூர்னு வணக்கம் சொல்றதத் தவிர ஒரு வார்த்தை பேசல. ஒரு நாளு அவன் வரல. அவன் பேரு என்னான்னு யாரக் கேக்கறதுன்னுகூட எனக்குத் தெரியல. அன்னிக்கு ராத்திரியே ஒங்க அண்ணிகிட்ட சொல்லிட்டேன், ஊருக்குப் போயிடலாம்னு."

கோடியக்கரை நமக்குள் வந்தது அந்தச் சத்தமில்லாத டிவியிலிருந்துதான். ஒரு வெள்ளிக்கிழமை. நீண்ட வெறும் மணல், கடை இல்லை, குடை இல்லை, ஆளே இல்லை. பிறகு ஆழமில்லாத நீரில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள். நீங்கள் தலையணையில் இருந்து தலையைத் தூக்கிவிட்டீர்கள்.

"எங்க பாய் இது? ஆப்பிரிக்காவா?"

கீழே ஓடிய எழுத்தைப் படித்துச் சொன்னேன். "கோடியக்கரை அண்ணே. வேதாரண்யத்துக்கு அந்தாண்ட. சரணாலயம்."

"நம்ம கோடியக்கரையா? நான் உலகத்தையே சுத்துனேன், இங்க இருக்கறதப் பாக்கல. ஒரு நாள்ல போயிட்டு வந்துட முடியுமா?"

அந்தக் கேள்விதான் நம்மை மூன்று மாதம் பிடித்துக்கொண்டது. வெளியில் இருப்பவர்களுக்கு ஒருநாள் பயணம் என்றால் சாப்பாட்டுக் கூடையும் பாட்டும். நமக்கு அது ஒரு கணக்கு. ரத்தம் சுத்தமான மறுநாள் உடம்பு லேசாக இருக்கும். அதற்கடுத்த நாளில் இருந்து நீர் சேர ஆரம்பிக்கும். ஆகவே சனிக்கிழமைதான். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். காலையில் திறக்கும் வனத்துறை வாசல் சாயங்காலம் மூடிவிடும். வெயில் ஏறினால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் குடிக்க முடியாது. நாள் முழுக்க இரண்டு டம்ளர்தான் நமக்கு அளவு. தண்ணீரைக் கணக்குப் பண்ணிக் குடிக்கும் இரண்டு பேர் கடலைப் பார்க்கப் போவதற்குத் திட்டம் போடுகிறோம் என்று சொல்லிச் சிரித்தீர்கள். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்து, "பாரு பாய், இது கணக்குல வராது" என்று துடைத்துக்கொண்டீர்கள்.

பட்டாளத்துக்காரர் போட்ட திட்டம் பட்டாளத்துத் திட்டமாகவே இருந்தது. காரைக்காலில் உங்கள் உறவுக்காரர் வீட்டில் காலைப் பலகாரம், பத்து நிமிடம் ஓய்வு. வழியில் உடம்பு படுத்தினால் நாகப்பட்டினத்தில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே இயந்திரம் உண்டா. வண்டி என் மச்சான் சலீமுடையது, ஓட்டுவதும் அவன். அண்ணி வேளாங்கண்ணியில் இறங்கி ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்றார். நான் நாகூர் தர்காவைச் சொன்னேன். நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டுக்கும் எறங்கினா வாசலை மூடிடுவான். ரெண்டு பேரும் வண்டிக்குள்ள ஒக்காந்துகிட்டே கும்பிட்டுக்குங்க. சாமிக்குக் கண்ணு தெரியும்."

"ஏன் அண்ணே இவ்ளோ தூரம்? கடல்தான நம்ம ஊர்லயே இருக்குது?" என்று நான் ஒருமுறை கேட்டதற்குக் கோபமே வந்துவிட்டது உங்களுக்கு. "இதுவா பீச்சு? கருங்கல்லக் கொட்டி வச்சிட்டு பீச்சுங்கறான். கால வைக்க மணலு இருக்குதா? எனக்கு மணல்ல நடக்கணும். எவனும் ஒண்ணும் கொட்டாத மணல்ல."

அந்த நடைக்குத்தான் பயந்தோம். வண்டியை ஓர் இடத்துக்கு மேல் விடமாட்டார்கள், கரைக்கு நடந்துதான் போக வேண்டும் என்று வனத்துறை அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். அதற்காக நீங்கள் சாரத்துத் தெருவில் தினமும் சாயங்காலம் நடந்து பழகினீர்கள். முதல் நாள் மூலைக் கடை வரை. பிறகு தெருக்கோடி வரை.

மூன்று முறை தேதி வைத்தோம். முதல்முறை புயல் மழை. இரண்டாம்முறை எனக்கு ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டிவிட்டது. மூன்றாம்முறைதான் உங்கள் கை. ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்து ஊசி போட வசதியாக வைத்திருந்த அந்த இடம் அடைத்துப்போனது. இன்னொரு கையில் முன்பே செய்து பழுதாகியிருந்தது. கழுத்தில் குழாய் வைத்தார்கள். அது சீழ் பிடித்து, குளிர் சுரத்தில் கட்டிலே ஆடும்படி நீங்கள் நடுங்கியதை நான் என் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்தபடி பார்த்தேன். எழுந்து வந்து போர்த்திவிட முடியாது. ஒற்றைக் கையை நீட்டினேன். எட்டவில்லை.

சுரம் விட்ட பிறகு டாக்டரம்மா வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். இளம் வயது, நம் இருவரிடமும் பிரியமாக இருப்பவர்.

"கழுத்துக் குழாய் இன்னும் கொஞ்ச நாள்தான் ஓடும். அடுத்தது தொடையில வைக்கணும் சார்."

"அதுவும் அடைச்சுதுன்னா?"

"அப்போ பாக்கலாம்."

"சரி மேடம். நாங்க ஒரு நாளு கோடியக்கரை போவலாம்னு இருக்கறோம். போவலாமா?"

"போகலாம்னு டாக்டரா என்னால சொல்ல முடியாது. போகாதீங்கன்னு சொல்லவும் மனசு வரல" என்று எழுந்து போய்விட்டார். அதை அனுமதி என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

அந்த வாரம்தான் சலீமின் வேனில் நடு சீட்டைப் பிரித்தேன். கீல் வைத்து, இரண்டு மடங்கு ஃபோம் போட்டு, மேலே ரெக்சினுக்குப் பதில் வழுக்காத துணி தைத்தேன். நீங்கள் ஆட்டோவில் பட்டறைக்கு வந்து படுத்துப் பார்த்தீர்கள். "கால் வெளிய போவல பாய். என் ஆயுசுல எனக்கு அளவா செஞ்ச மொத கட்டிலு இதுதான்."

தை மாதம் ஒரு சனிக்கிழமை, விடியும் முன் கிளம்பினோம். சலீம் பக்கத்தில் நான். பின்னால் நீங்களும் அண்ணியும். கடலூர் தாண்டும்வரை நீங்கள் படுக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தீர்கள். காரைக்காலில் அரை இட்லி தின்றீர்கள். நாகூரில் மினாரா தெரிந்தபோது நான் கையேந்தி எனக்கும் உங்களுக்குமாகத் துஆ கேட்டேன். வேளாங்கண்ணிக் கோபுரம் தெரிந்தபோது திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவர் சிலுவைக்குறி போடவில்லை. கும்பிடவில்லை. உங்கள் கையைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போனோம். வெளிமான் கூட்டம் ஒன்று தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. பூநாரைகள் வெகுதூரத்தில், நீருக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கோடாக நின்றன. வெள்ளையா, சிவப்பா என்றுகூடத் தெரியவில்லை. "இருக்குது இல்ல? போதும்" என்றீர்கள்.

வண்டி நின்ற இடத்தில் இருந்து கரைக்கு நடந்தோம். வனக்காவலர் ஒருவர் கூட வந்தார். நீங்கள் செருப்பைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு அடி நடந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நாலு அடி. மேட்டில் ஏறியதும் கடல் தெரிந்தது. டிவியில் பார்த்த அதே வெறும் மணல். கடை இல்லை, ஆள் இல்லை.

ஆனால் மணலில் ஆமைகள் கிடந்தன. பெரிய பெரிய கடலாமைகள். முதலில் கல் என்றுதான் நினைத்தேன். ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னும். கழுத்து வீங்கி, கண்ணை நாய் தின்று, ஓடு வெடித்து. காற்று திரும்பியபோது நாற்றம் அடித்தது.

"முட்டை போடக் கரைக்கு வரும் சார் இந்த மாசத்துல," என்றார் காவலர். "வலையில மாட்டிக்கும். அதுவும் நம்மள மாதிரி மேல வந்து மூச்சு விடணும். வர முடியாம செத்துப்போய் ஒதுங்குது. நாங்க பொதைச்சுக்கிட்டேதான் இருக்கறோம்." அவர் எங்களைச் சீக்கிரம் திரும்பச் சொல்லிவிட்டு மேட்டுப் பக்கம் போனார்.

மூன்று மாதம் திட்டம் போட்டு உங்களை இதற்கா கூட்டிவந்தேன் என்று எனக்கு அழுகை வந்தது. "வாங்க அண்ணே, வேற பக்கம் போவோம்" என்றேன். நீங்கள் கேட்கவில்லை. நாற்றம் எட்டாத திசையாகப் பார்த்து ஈர மணலில் உட்கார்ந்தீர்கள். பாதத்தை மணலுக்குள் புதைத்துக்கொண்டீர்கள். அண்ணி சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி அலைக்குள் போய் நமக்கு முதுகு காட்டி நின்றார்.

பிறகு பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தீர்கள். நாக்கை நனைத்துக்கொள்ளத்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தீர்கள். ஒரு வாய், இரண்டு வாய். நிற்கவில்லை. தொண்டை ஏறி இறங்குகிறது. தாடையில் வழிகிறது. பாதி பாட்டில் போய்விட்டது.

"அண்ணே, போதும்ணே!" என்று கையைப் பிடித்தேன்.

நீங்கள் மெதுவாக என் கையை விலக்கினீர்கள். "போதும்னுதான் பாய் குடிக்கறேன்."

மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டு பாட்டிலை மூடி பைக்குள் வைத்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் கேட்டேன்.

"செவ்வாக்கிழமை வருவீங்க இல்ல?"

"வரல. நேத்து பண்ணதுதான் கடைசி."

"தொடையில வச்சா நல்லா ஓடும்னு டாக்டர் சொன்னாங்க இல்ல? பாரீசுக்குப் போங்க. அங்க வேற ஏதாவது செய்வாங்க."

"செய்வாங்க. இன்னும் ஒரு வருஷம் செய்வாங்க. எனக்கு மெஷின் மேல கோபம் இல்ல பாய். நாலு வருஷம் குடுத்துது. சுரத்துல நடுங்கனேனே அன்னிக்கு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இன்னொரு தடவ என்னால ஆவாது."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒரு வாரம் பேசல எங்கூட. அப்புறம், கோடியக்கரைக்கு நானும் வரேன்னு சொன்னா."

நான் அலையில் நின்ற அண்ணியின் முதுகைப் பார்த்தேன். வேளாங்கண்ணியில் அவர் ஏன் கும்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். "அப்போ நான் மட்டும் எதுக்குப் போவணும்? நானும் நிறுத்திடறேன்" என்று கத்தினேன். நீங்கள் என் சட்டைக் காலரைப் பிடித்தீர்கள். நான்கு அடிக்கு ஒருமுறை நின்று வந்த மனிதரிடம் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. "நீ நிறுத்துனா, செத்தும் ஒன்ன விடமாட்டேன். ஒனக்கு நரம்பு நல்லா இருக்குது. ஒன் பொண்டாட்டி ஷமீம் கிட்னி குடுக்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. பொண்ணு ஏழாவது படிக்குது. எனக்குப் போதும்னா அது எனக்கு. ஒனக்கு இல்ல. புரியுதா?"

திரும்பும்போது அந்தச் சீட்டில் கால் நீட்டிப் படுத்தீர்கள். அண்ணி உங்கள் பாதத்தில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். சிதம்பரத்தில் ஒரு முழு கிளாஸ் டீ குடித்தீர்கள். "சலீமு, இன்னொண்ணு சொல்லுப்பா" என்றீர்கள். அவன் சந்தோஷமாக ஓடிப்போய் வாங்கிவந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை உங்கள் கட்டில் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை அதில் ஒரு கல்லூரிப் பையன் படுத்திருந்தான், பயந்துபோய். நான் டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசி நாட்கள் லேசாக இருக்கவில்லை. நீங்கள் அமைதியாகத் தூங்கிப் போனீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள், நான் சொல்வதில்லை. முகம் வீங்கியது. படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தலையணையைக் கட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தீர்கள். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஊசி போட்டார். உங்கள் மகன் பாரீசில் இருந்து வந்து சேர்ந்தபோது உங்களுக்கு ஆள் அடையாளம் பாதிதான் தெரிந்தது. வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதான பப்பாவக் கூட்டிட்டுப் போனீங்க? ஒங்களுக்கு அன்னிக்கே தெரியும். நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாம் இல்ல? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

நான் வாய் திறக்கும் முன் அண்ணி உள்ளே இருந்து வந்தார். "பாயைக் கேக்காத. என்னைக் கேளு. நான் பொண்டாட்டி, நான்தான் சரின்னு சொன்னேன். கழுத்துல சீழ் வடிஞ்சப்போ தொடைச்சவ நான்." அவன் அங்கேயே படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதான். அண்ணி அழவில்லை. அன்றிரவு நீங்கள் போனீர்கள்.

அடக்கத்துக்குப் பழைய பட்டாளத்துக்காரர்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து நின்றார்கள். பெட்டி மேல் மூவர்ணக் கொடி போர்த்தினார்கள், அவர்களுடைய மூவர்ணம். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தின் கடைசியில், தொப்பியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு முன்னால் உங்கள் பெரியப்பா மகன், பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "வைத்தியம் வேணாம்னு சொல்லிட்டு செத்தா, அது தானா செத்துக்கிட்டதுதான? பூசை வச்ச சாமியாருக்குத் தெரியுமோ என்னமோ."

அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார்.

"இங்க மூணு வருஷம் ஐயா. வாரத்துக்கு ரெண்டு நாளு. ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா?"

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் யார், எந்த உரிமையில் கேட்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

மறு வருடம் ஷமீம் தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். பிழைத்துக்கொண்டேன். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து பேரன் இருக்கிறான். பட்டறையை இப்போது சலீமும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். பரிசோதனைக்குக் கோரிமேடு போகும்போது, கட்டிலில் கிடப்பவர்களின் வீட்டார் சிலர் என்னைத் தனியே அழைத்து, "நிறுத்திட்டா என்னா ஆவும் பாய்?" என்று கேட்பதுண்டு. டாக்டரைக் கேளுங்கள் என்பேன். ஆனால் உடனே எழுந்து போய்விட மாட்டேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது அண்ணே. இன்னும் ஒரு வருடம் இருந்திருக்கலாம். எனக்காக இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும். நீங்கள் செய்தது சரி என்று நான் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. தப்பு என்று என் எதிரில் ஒருவரையும் சொல்ல விட்டதுமில்லை.